கடுவன் குடித்த தேறல்

2019-இல் பெல்ஜியத்திலிருந்து ஒரு பையர் திருப்பூர் வந்திருந்தார். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் நண்பனுக்கு இரண்டு பியர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கார்க் அடைத்த பச்சைக் கண்ணாடி பாட்டில்கள். பேர் க்ரீக். புளிப்பு செர்ரிப் பழம் ஊறிய லாம்பிக் பியர். ஒன்றை அன்று ராத்திரியே திறந்தோம். மாதுளைச் சாற்றின் நிறம். முதலில் பழ வாசம், பின்னாலேயே கொட்டையிலிருந்து வரும் பாதாம் வாசம், நாக்கில் எலுமிச்சைப் புளிப்பு. "இன்னொண்ணை வச்சுக் குடிப்போம், பழசாகப் பழசாகத்தான் ருசி" என்று சொன்னது நான்தான். காங்கேயம் பக்கம் எங்கள் அமுச்சி வீட்டு அட்டாலியில் ஒளித்து வைத்தேன். அப்புறம் கொரோனா வந்தது, அவனுக்குக் கல்யாணம் ஆனது, பாட்டில் மறந்தே போச்சு.

2024-இல் திறந்தபோது நிறம் செங்கல் பழுப்பு. செர்ரி இருந்த இடமே தெரியவில்லை. புளிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கூடவே ஈரச் சாக்கு வாசமும் காடி நெடியும். நண்பன் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஃபாஸ்ட்னஸ் ஃபெயிலுடா" என்றான்.

டையிங் ஊர்க்காரனின் அந்தத் தீர்ப்பு அறிவியல்படியும் சரிதான். செர்ரியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. துணியில் நிற்காத சாயம் மாதிரி அதுவும் காலத்தில் சிதைந்து பழுப்பாகும். பழ வாசனை தரும் எஸ்டர்களும் மெல்ல உடைந்துபோகும். ராஸ்பெர்ரி போட்ட லாம்பிக்கில் வாசம் இன்னும் சீக்கிரம் போய்விடும். தங்குவது, நுண்ணுயிர்கள் செய்து வைத்த அமிலமும் மண் வாசமும். ஓட்டு வீட்டு அட்டாலியின் வெயில், பல வருட வேலையைச் சில வருடத்தில் முடித்துவிட்டது.

லாம்பிக்கில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில், குளிர் மாதங்களில், கோதுமையும் பார்லியும் காய்ச்சிய சாற்றை அகலமான திறந்த தொட்டியில் ஒரு ராத்திரி ஆற விடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாகவே குடியேறும். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம். அங்கே மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட்டுக்கு பிரெட்டனோமைசிஸ் என்று பேர். 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் அதை ஆங்கிலேய பியர்களில் அடையாளம் கண்டு, 'பிரிட்டன் பூஞ்சை' என்ற பொருளில் பேர் வைத்தார். பழம் சேர்க்காமல் இளசையும் பழசையும் கலந்து அடைக்கும் கூஸ் வகை பல வருடம் தாங்கும். பழம் போட்டதைப் பழ வாசத்துக்காகக் குடிப்பதென்றால் இளசிலேயே குடித்துவிட வேண்டும். அந்தப் பழசு ருசிக்காகவே எடுத்து வைப்பவர்களும் உண்டு. நான் வைத்தது வெறும் அறியாமையில்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அகநானூற்றின் இரண்டாம் பாட்டு நினைவுக்கு வந்தது. கபிலர் எழுதியது. மலைச்சாரலில் வாழைப்பழமும் பலாச்சுளையும் பாறைச் சுனையில் விழுந்து ஊறி, தானாகவே தேறலாகிறது. தெரியாமல் அதைக் குடித்த கடுவன், பக்கத்துச் சந்தன மரத்தில் ஏற முடியாமல் பூக்களின் மேல் படுத்துத் தூங்குகிறது. தொட்டிக்குப் பதில் சுனை, செர்ரிக்குப் பதில் பலா. காற்றில் வருவது வேலை செய்வது மட்டும் அதேதான்.

நாள்பட வைப்பதும் நம்மாட்களுக்குத் தெரிந்திருக்கிறது. மலைபடுகடாம் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலைச் சொல்கிறது. அதியமான் மகனைப் பாடும் ஔவையார், நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுக்கு ஒப்பிடுகிறார். ருசிக் குறிப்பு என்றால் அதுதான் குறிப்பு. ஆனால் அதில் எது புளித்தது, எது மணத்தது என்று நாக்கால் சரிபார்க்க இன்று நமக்கு வழியில்லை. பெல்ஜியத்தில் சொல்லும் இருக்கிறது, பீப்பாயும் இருக்கிறது. நம்மிடம் சொல் மட்டும்.

கொங்கு நாட்டின் கள்ளுக்குக் கடிகாரம் வேறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு. தடவாவிட்டால் பாளையில் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, சாயங்காலம் கடுப்பு, ரெண்டொரு நாளில் காடி. லாம்பிக்கின் மூன்று வருடத்தை நம் வெயில் கிட்டத்தட்ட மூன்று நாளில் நடத்தி முடிக்கும். அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ருசி உண்டு, அதை அறிந்த நாக்குகளும் இருந்தன. 1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பின்னால் சட்டம் தளர்ந்தது, திரும்ப இறுகியது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் மட்டும் இன்றும் இருக்கிறது. சீசாவில் வரும் பிராந்திக்கு அனுமதி உண்டு, மரத்தில் சொட்டுவதற்கு இல்லை. நான் பிறந்தது அந்தத் தடைக்குப் பின்னால்.

இதையெல்லாம் கொஞ்சம் ஆவேசமாகவே அமுச்சியிடம் சொன்னேன். தேங்காய் உரித்துக்கொண்டே கேட்டார். "அந்தியில எறக்குனா உங்க அப்பிச்சி அங்கயே குடிச்சுப்போட்டுத்தான் வருவாரு கண்ணு. நல்லா மணக்கும், இல்லீங்கல. ஆனா அவரு ஊட்டுக்கு வர்றப்ப எனக்கு வவுறு கலக்கும். போனதே நல்லதுன்னு நெனச்சேன்."

எனக்குப் பதில் வரவில்லை. தொலைந்த ருசி என்று நான் எழுத நினைத்ததை, ஒரு பயத்தின் வாசமாக அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். சாராயம் இன்னும் மோசம் என்று வாதாடலாம், அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது ஒப்பீடு இல்லை. கள்ளின் வரலாற்றை எழுதுகிறவன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரின் நாக்கை மட்டும் கேட்டால் போதாது, திண்ணையில் காத்திருந்தவரையும் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அட்டாலியில் பாட்டில் வைத்தது நான்தான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். "அது எப்பவோ தெரியும்" என்றார். பச்சைக் கண்ணாடியில் எண்ணெய் கெடாதாம். கழுவிக் காயவைத்து, இப்போது அதில் எங்கள் தோட்டத்துக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்.