பாக்கூர் ஜல்லியும் 11 கோடி வருஷத்துக் கணக்கும்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிது. வீட்டுக் கடன் ஃபைல்களில் இன்ஜினியர் எஸ்டிமேட்டைப் பிரித்தால் ‘பாக்கூர் ஸ்டோன் சிப்ஸ்’ என்று இருக்கும். எனக்குத் தெரிந்த பாகூர் புதுச்சேரி பக்கம் இருப்பது. அங்கிருந்தா ஜல்லி வருகிறது, லாரி வாடகை கட்டுப்படியாகுமா என்று பக்கத்து சீட் தாதாவிடம் கேட்டுத் தொலைத்தேன். மனிதர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இந்தப் பாக்கூர் ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலையோரம் இருக்கிற ஊர். அதன் கறுப்பு ஜல்லி வங்காளம் முழுக்கப் பேர் போனது.

போன மாதம் ஏழாவது படிக்கும் மகள், பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள்.

“அப்பா, இது எந்த ஊர்க் கல்லு?”

“பாக்கூர்.”

“அதுக்கு முன்னாடி?”

நான் படித்தது பி.காம். தங்கமணியோ “வங்கில இருக்கறவருக்குத் தெரியாததா!” என்று ஏற்றிவிட்டார். விடுவோமா? அந்த ஞாயிறே மகளோடு சௌரங்கி மியூசியத்துக்குப் போய்க் கல் கூடங்களைச் சுற்றினேன். பிறகு கொஞ்சம் படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கல்லுக்குப் பெயர் பசால்ட். எரிமலைக் குழம்பு ஆறி இறுகியது. ஏறக்குறைய 11.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகக் கொட்டியது. மலையாக வெளியே தெரிவது ஒரு ஓரம்தான். 1950-களின் கடைசியில் வங்காளத்தில் எண்ணெய் தேடித் துளை போட்டபோது, கங்கை வண்டலுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில் இதே பசால்ட் தட்டுப்பட்டது.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851-ல் இதே கல்கத்தாவில்தான் தொடங்கியது. அதன் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாம். எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே இலைகள் பதிந்த களிமண் பாறை கிடைத்தது. அந்தத் தாவரங்களைப் பற்றி அவரும் ஜான் மாரிசும் எழுதிய நூல் 1863-ல் வந்தது. ஒரு கொட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காடு வளர நேரம் இருந்திருக்கிறது! ஆனால் அந்தக் குழம்பு பூமிக்குள் எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் கிடைக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

பதில் சொன்னவை கல்லில் துளித்துளியாக இருக்கும் உலோகங்கள். நம்ம பாஷையில் சொல்கிறேன். சிலிக்கா, இரும்பு, மக்னீசியம் எல்லாம் பேலன்ஸ் ஷீட்டின் பெரிய தலைப்புகள். எந்த பசால்ட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆடிட்டர் கண் போவது சில்லறை வரவுசெலவில்தானே? நியோபியம், தோரியம், லாந்தனம், நிக்கல்... டன்னுக்குச் சில கிராம், மிஞ்சினால் சில நூறு கிராம்.

பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருப்பது மேன்டில். அந்தப் பாறை மொத்தமாக உருகுவதில்லை, ஒரு பங்குதான் உருகும். உருகும்போது நியோபியம், தோரியம் போன்றவை முதலில் குழம்போடு கிளம்பிவிடும். நிக்கல் ஆலிவின் படிகத்தை விடாமல் ஒட்டிக்கொள்ளும். விகிதத்தைப் பார்த்தால் எவ்வளவு உருகியது, எப்படிப்பட்ட மேன்டில் என்று ஊகிக்கலாம். மேலே வரும் வழியில் கண்டத்தின் பாறையையும் குழம்பு கரைத்திருந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும். கண்டப் பாறையில் தோரியமும் லாந்தனமும் தாராளம், நியோபியம் பஞ்சம். ஆக, கணக்கில் நியோபியம் துண்டு விழும். நடுவில் யாரோ கமிஷன் அடித்தது போல!

ராஜ்மகால் கல்லில் சில அடுக்குகள் கலப்படம் குறைந்தவை, சிலவற்றில் கண்டத்தின் கலப்பு தெரிகிறது. 1987-88-லும் 1998-99-லும் ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ என்ற கப்பல் தெற்கு இந்துமாக்கடலில் கெர்கெலன் பீடபூமியைத் துளையிட்டுக் கல் எடுத்தது. அந்தக் கற்களோடு ஒப்பிட்டதில் உறவு தெரிந்தது. கெர்கெலன் வெப்பப்புள்ளியே குழம்பைத் தந்ததா, அல்லது வெப்பம் மட்டும் தந்து மேலிருந்த மேன்டிலை உருக்கியதா என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது.

கெர்கெலன் தீவுகள் இங்கிருந்து தெற்கே சுமார் 8,000 கிலோமீட்டர், அண்டார்டிகா போகும் வழியில். அந்தக் கல் அத்தனை தூரம் உருண்டு வரவில்லை. அது உட்கார்ந்திருந்த இந்தியாதான் வடக்கே நகர்ந்து வந்தது. நம்மை எல்லாம் ‘வெளியூர்க்காரன்’ என்கிறார்கள்!

உறுத்துகிற விஷயம் ஒன்று. ராஜ்மகால் மலை குவாரிகளில் உடைந்து ஜல்லியாகிறது. அந்தத் தூசியைச் சுவாசித்து வேலை செய்கிறவர்களில் பலர் சந்தால் மக்கள். இலை பதிந்த பாறையும் சேர்ந்து உடைகிறது. சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மாண்ட்ரோவில் 2022-ல் புதைபடிவப் பூங்கா திறந்தது ஒரு ஆறுதல். எங்கள் வங்கியில் பத்து வருஷத்துக்கு முந்தைய வவுச்சரைக் கிழிக்கவே ஆயிரம் கையெழுத்து வேண்டும். 11 கோடி வருஷத்துக் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துக் கான்கிரீட்டில் போடுகிறோம். அதற்குக் கடன் சாங்ஷன் செய்கிற கையெழுத்தில் என்னுடையதும் உண்டு.

மகள் அந்தத் துண்டை ஜன்னலில் வைத்திருக்கிறாள். ‘கெர்கெலன் – ராஜ்மகால் – லேக் மார்க்கெட்’ என்று சீட்டு எழுதி ஒட்டியாயிற்று. அடுத்து, “நாம எந்த ஊரு? அதுக்கு முன்னாடி?” என்று ஆரம்பித்திருக்கிறாள். தாத்தாவுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நீங்கள் எதுவரை சொல்வீர்கள்?