மதிப்பெண் முதலில், விண்ணப்பம் பிறகு: உயர்கல்வி வாசலின் வரலாறும் நம் பொறுப்பும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு மதிப்பெண்?" என்பது. அடுத்த கேள்வி, "எந்தக் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்பது. மதிப்பெண் தெரிந்த பிறகே கல்லூரியைத் தேடுவது என்ற இந்த வரிசை நமக்கு மிக இயல்பாகத் தோன்றுகிறது. ஆயினும் இது தானாக அமைந்ததன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல ஆணைகளாலும் சட்டங்களாலும் வழக்குகளாலும் உருவாகி வந்தது. உலகின் வேறு சில நாடுகளில் இந்த வரிசை இன்றும் கிடையாது. நம் நாட்டிலும் இது மெல்லத் தேய்ந்து வருகிறது. ஆகவே, இதன் வரலாற்றை அறிவது நம் பிள்ளைகளின் எதிர்காலத்தோடு தொடர்புடைய கடமையாகும்.

பல்கலைக்கழகமே நடத்திய பள்ளித் தேர்வு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. அக்காலத்தில் பள்ளிப் படிப்பின் முடிவும் பல்கலைக்கழகப் படிப்பின் தொடக்கமும் ஒரே தேர்வாக இருந்தன. அதுவே மெட்ரிகுலேஷன். அச்சொல்லுக்குப் பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் எழுதப்படுதல் என்பதே பொருள். தேர்வை நடத்தியதும் பல்கலைக்கழகம். உள்ளே அனுமதித்ததும் பல்கலைக்கழகம். தேறியவருக்கு வாசல் திறந்தது, தேறாதவருக்கு மூடியது.

அந்த வாசலில் நம் சமூகத்தார் மிகக் குறைவாகவே நின்றனர். இது ஆட்சியாளர்களின் கவனத்துக்கும் வந்தது. 1871-இல் வைஸ்ராய் மேயோ பிரபு முஸ்லிம்களின் கல்வி குறித்துத் தீர்மானம் ஒன்றை வெளியிட்டார். அதையடுத்துச் சென்னை அரசு 1872-இல் ஆணை பிறப்பித்தது. 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழுவும் முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையைத் தனியாக ஆராய்ந்தது. மார்க்கக் கல்வி இல்லாத பள்ளிகளின் மீதிருந்த தயக்கம், ஆங்கிலத்தின் மீதிருந்த விலகல், வறுமை ஆகிய யாவும் அன்று பேசப்பட்டன. மக்தபில் குர்ஆனும் அரபுத்தமிழும் கற்ற பிள்ளைக்கு ஆங்கிலவழித் தேர்வு அந்நியமாகவே இருந்தது.

1911-இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எனும் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை வந்தது. இதன் வழியே ஒரு முக்கியப் பிரிவினை ஏற்பட்டது. பள்ளி முடிந்ததற்குச் சான்றளிப்பது அரசின் பணி. எவரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது கல்லூரியின் பணி என்றாயிற்று. சான்றிதழ் முதலில் கைக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு மாணவர் கல்லூரியின் வாசலுக்குச் செல்வார். நாம் இன்று இயல்பெனக் கருதும் வரிசை வேர்விட்டது இவ்விடத்தில்தான்.

சான்றிதழ் உண்டு, கல்லூரி எங்கே?

கையில் சான்றிதழ் வந்தபின் அடுத்த இடர் தொலைவாக இருந்தது. கடலோர ஊர்களிலும் உள்நாட்டுச் சிற்றூர்களிலும் பள்ளியிறுதி முடித்த பிள்ளைகள் விண்ணப்பிக்கத்தக்க கல்லூரிகள் அருகில் இல்லை. தொலைவில் தங்கிப் படிக்க வைக்கும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. தொழுகைக்கும் ஹலாலான உணவுக்கும் வழியுள்ள விடுதி கிடைக்குமா என்ற கவலையும் பெற்றோருக்கு இருந்தது.

இந்தக் குறையை நீக்க நம் முன்னோர் தம் செல்வத்தைச் செலவிட்டனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. விடுதலைக்குப் பின் 1951-இல் சென்னையில் நியூ கல்லூரியும், திருச்சியில் ஹாஜி எம். ஜமால் முகம்மது சாஹிப், என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தன. 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, 1965-இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1971-இல் நெல்லையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என இந்த வரிசை நீண்டது. பெண்களுக்காக நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்கள் 1955-இல் சென்னையில் நிறுவிய எஸ்.ஐ.இ.டி. கல்லூரி, பெண்பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கிய பல குடும்பங்களுக்குத் துணிவைத் தந்தது. அல்லாஹ் அவர்கள் அனைவரின் நற்பணிகளையும் ஏற்றுக்கொள்வானாக.

இக்கல்லூரிகள் செய்த பணியை ஒரு வரியில் சொல்வதானால், மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்திருந்த பிள்ளைக்கு விண்ணப்பிக்க ஓர் இடத்தைத் தந்தன எனலாம்.

நுழைவுத் தேர்வு வந்ததும் போனதும்

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமாயிற்று. 1980-இல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெற்றது. பழைய புகுமுக வகுப்பு மறைந்து, பள்ளியிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று நேராகப் பட்டப் படிப்பிற்கு விண்ணப்பிக்கும் வழி உண்டாயிற்று.

மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 1984-இல் மாநில நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பள்ளித் தேர்வின் பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என 300-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை தயாரிக்கப்பட்டது. பள்ளியில் பெற்ற மதிப்பெண் மட்டும் இனிப் போதாது என்ற நிலை வந்தது. பயிற்சி மையங்கள் நகரங்களில் பெருகின. கட்டணம் செலுத்தி, நகரத்தில் தங்கிப் பயில இயன்றவர்கள் முந்தினர். சிற்றூரின் அரசுப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறிய பிள்ளை, இன்னொரு தேர்வில் பின்தங்கி நின்றார்.

1997-இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது. பல கல்லூரிகளின் படிகளில் ஏறி இறங்கும் அலைச்சல் நீங்கி, தரவரிசைப்படி அழைக்கப்பட்ட மாணவர், எங்கெங்கே இடம் காலியாக உள்ளது என்பதைத் திரையில் கண்டு தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. எனினும் அந்தத் தரவரிசையில் நுழைவுத் தேர்வின் பங்கு தொடர்ந்தது. அதை நீக்க 2005-இலும் 2006-இலும் எடுக்கப்பட்ட முயற்சிகள் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. பின்னர் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து இயற்றப்பட்ட சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2007-இல் நடைமுறைக்கு வந்தது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பள்ளி மதிப்பெண்ணே பொறியியல் சேர்க்கையின் அளவுகோலாயிற்று. 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது.

அதே ஆண்டில் கிடைத்த 3.5 விழுக்காடு

நுழைவுத் தேர்வு நீங்கிய அதே 2007-ஆம் ஆண்டில், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியாக ஒதுக்கப்பட்டது. அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தர் மற்றும் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினருக்கு இது உரியது. இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்து நம் சமூகத்திற்கு ஒரு புதிய வாய்ப்பைத் திறந்தன. மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கையில் இருந்தால், எவருடைய பரிந்துரையும் இன்றி, தகுதிக்குரிய இடத்தை உரிமையோடு கேட்கலாம் என்ற நிலை அது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 31 விழுக்காடு பொதுப்போட்டி இடங்கள் அனைவருக்கும் உரியவை. அங்கே தம் மதிப்பெண்ணால் இடம்பெறும் நம் பிள்ளை 3.5 விழுக்காட்டின் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் உரிய சான்றிதழ் இல்லாத பிள்ளை, பொதுப்போட்டியில் மட்டுமே நிற்க வேண்டியவராகிறார். ஒரு தாள் இல்லாமையால் ஓர் உரிமை கைநழுவுகிறது.

மதிப்பெண்ணுக்கு முன்பே விண்ணப்பிக்கும் நாடு

நம் வரிசையின் அருமை, அது இல்லாத இடத்தைப் பார்க்கையில் புலப்படும். இங்கிலாந்தில் மாணவர்கள் இறுதித் தேர்வு எழுதுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கின்றனர். அவர்கள் எவ்வளவு பெறுவார்கள் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே கணித்து எழுதுகின்றனர். அக்கணிப்பை நம்பிப் பல்கலைக்கழகம் நிபந்தனையுடன் இடம் அளிக்கிறது. உண்மையான முடிவு ஆகஸ்டில் வருகிறது.

கணிப்பு எவ்வளவு சரியாக அமைகிறது? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர் கில் வைனஸ் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 16 விழுக்காட்டு மாணவர்களுக்கே கணிப்பு சரியாக இருந்தது. பெரும்பாலோருக்கு உண்மையைவிட உயர்வாகவே கணிக்கப்பட்டிருந்தது. ஆனால் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளே தாழ்வாகக் கணிக்கப்படும் நிலைக்கு அதிகம் ஆளாயினர். தன் தகுதி தனக்கே தெரியாமல், எட்டக்கூடிய இடத்திற்கு விண்ணப்பிக்காமலே நின்றுவிடும் பிள்ளையின் இழப்பை எந்தப் பட்டியலும் காட்டாது.

2020-இல் பெருந்தொற்றால் அங்கே தேர்வுகள் நடைபெறவில்லை. கணினிச் சூத்திரம் ஒன்றின் வழியே தரங்கள் வழங்கப்பட்டபோது, ஆசிரியர் மதிப்பீடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. மாணவர்கள் வீதியில் திரண்டனர். சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. முடிவுகள் வந்தபின் விண்ணப்பிக்கும் முறையே நேர்மையானது என்று 2004-லேயே ஷ்வார்ட்ஸ் குழு பரிந்துரைத்திருந்தது. 2021-இல் அரசு மீண்டும் கருத்துக் கேட்டது. 2022-இல் அம்மாற்றத்தைக் கைவிட்டது. ஆகஸ்டுக்கும் வகுப்புகள் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் போதாது என்பது அங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படும் தடை.

அவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டும் பெறாத ஒன்று, நம் பிள்ளைகளுக்குப் பெருமளவு கிடைத்திருக்கிறது. உறுதியாக அறியாத ஒன்றின் மீது தீர்ப்பளிக்காதீர் என்பது நம் மார்க்கத்தின் போதனையும் ஆகும்.

தேயும் வரிசை

ஆயினும் நம்மிடமும் இந்த வரிசை முழுமையாக இல்லை. 2017 முதல் தமிழ்நாட்டு மருத்துவ இடங்களுக்கு நீட் தேர்வே வாசலாயிற்று. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குக் க்யூட் எனும் பொது நுழைவுத் தேர்வு வந்துள்ளது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் பள்ளித் தேர்வு முடிவுகளுக்கு முன்னரே கடந்துவிடுகிறது. "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்கும் குடும்பத்திற்கு அந்த வாசல்கள் ஓசையின்றி மூடிவிடுகின்றன. மாநிலக் கல்லூரிகளிலும் இணையப் பதிவு முடிவுகள் வெளியாகும் காலத்தை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே மதிப்பெண் அறிந்த பின் நடக்கிறது.

எனவே நம் முன்னுள்ள கடமை இரண்டாகப் பிரிகிறது. தாள்களைத் திரட்டுவது முடிவுக்கு முன். தீர்மானம் எடுப்பது முடிவுக்குப் பின்.

முன்னதற்குரியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி எனில் அதற்கான சான்றிதழ். இவற்றை ஆண்டின் தொடக்கத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்றுவிட வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். அஹமது, அகமது என எழுத்து மாறுவதால் நேரும் அலைச்சலை நம் வீடுகள் நன்கறியும்.

பின்னதற்குரியது மஷூரா. தம் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவோரைக் குர்ஆன் அஷ்ஷூரா அத்தியாயத்தில் புகழ்ந்து கூறுகிறது. அந்த ஆலோசனையில் பிள்ளைக்கும் இடம் வேண்டும். மகளாயினும் மகனாயினும் அவ்வாறே. நல்ல மதிப்பெண் பெற்ற மகளின் பட்டியலை அலமாரியில் வைத்துவிட்டு, சில வாரங்கள் பேசாமல் இருந்தாலே போதும், அவளது கல்வி முடிந்துவிடும். எவரும் "வேண்டாம்" என்று சொல்லவே தேவையில்லை. அந்த மௌனத்தைப் பற்றி நாம் அஞ்ச வேண்டும். தேறாத பிள்ளைக்கும் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. மதிப்பெண்ணில் ஐயமிருந்தால் விடைத்தாள் நகல் பெற்று மறுமதிப்பீடு கோரலாம். அவர்களை ஒதுக்கிவிடாமல் உடன் நிற்பதும் அமானத்தே.

ஜமாஅத்துகள் இதில் பெரும்பணி ஆற்றலாம். ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்பு, படித்த இளைஞர் இருவர் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒரு மேசை, கட்டணம் செலுத்த இயலாதவருக்குப் பைத்துல்மாலிலிருந்து ஓர் உதவி. கல்லூரிகளையே கட்டியெழுப்பிய சமூகத்திற்கு இவை அரிய செயல்கள் அல்ல.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னர் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். சான்றிதழைத் தேடி வைப்பதும், தேதியை நினைவில் கொள்வதும், மஷூரா செய்து இஸ்திகாரா தொழுவதும் அந்தக் கட்டுதலைச் சேர்ந்தவையே. முடிவு அவன் வசம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை அடைய நேர்மையான வாசல்களையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.