டைக்ளோஃபெனாக் ஊசிமருந்தும் பாறு கழுகுகளின் பாதுகாப்பும்: நோயாளர்களும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

முதுகுவலி, மூட்டுவலி, சிறுநீரகக் கல் வலி போன்றவற்றுக்காக உங்களுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்டிருக்கலாம். மனிதருக்கான இந்த ஊசிமருந்தை இந்தியாவில் 3 மில்லிலிட்டர் கொண்ட, ஒரு முறை மட்டும் பயன்படுத்தக்கூடிய சிறு குப்பியில்தான் விற்க இயலும். பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் பெரிய குப்பிகளுக்கு மத்திய அரசு 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் தடை விதித்தது. அத்தடை, அழிவின் விளிம்பில் உள்ள பாறு கழுகுகளைக் காப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. மருந்து விற்பனை விதி ஒன்று பல்லுயிர்ப் பாதுகாப்புக் கொள்கையின் பகுதியாக அமைந்தது எவ்வாறு என்பதையும், இதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் இப்பக்கம் விளக்குகின்றது.

கழுகுகளுக்கு நேர்ந்தது என்ன?

பிணந்தின்னிக் கழுகு என்று பரவலாக அழைக்கப்படும் பாறு, இறந்த விலங்குகளை மட்டுமே உண்டு வாழ்வது. 1990களின் தொடக்கத்தில் இந்திய ஊர்ப்புறங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட வெண்முதுகுப் பாறு, 2007ஆம் ஆண்டுக்குள் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. தொற்றுநோய்தான் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தே காரணம் என்பதை 2004ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

ஊசி போடப்பட்ட மாடு சில நாள்களுக்குள் இறந்தால், அதன் உடலில் மருந்தின் எச்சம் தங்கியிருக்கும். அவ்வுடலை உண்ணும் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற வழியின்றி யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்ணிறப் படிவமாக உறையும். பறவை சில நாள்களில் இறந்துவிடும். ஒரு சடலத்தைப் பல கழுகுகள் கூடி உண்பதால், நூற்றில் ஒரு சடலத்தில் மருந்து இருப்பதே அக்கூட்டத்தை அழிக்கப் போதுமானது. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் என்பதால் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

இது உங்கள் உடல்நலத்தைத் தொடுவது எவ்வாறு?

மாட்டின் சடலத்தைக் கழுகுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். கழுகுகள் இல்லாத இடத்தில் அது அழுகி நீர்நிலைகளைக் கெடுக்கின்றது, தெருநாய்களுக்கும் இரையாகின்றது. சிகாகோ, வாரிக் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இரு பொருளியல் ஆய்வாளர்கள், கழுகுகள் மறைந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் மனித மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என மதிப்பிட்டுள்ளனர். இது கணக்கீட்டின் வழி பெறப்பட்ட மதிப்பீடே, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

அரசு எடுத்த நடவடிக்கைகள்

தேசியச் சுற்றுச்சூழல் கொள்கை ஏற்கப்பட்ட 2006ஆம் ஆண்டிலேயே, கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் உற்பத்தி உரிமங்களைத் திரும்பப் பெறுமாறு மாநிலங்கள் அறிவுறுத்தப்பட்டன. கழுகுப் பாதுகாப்புக்கான முதல் தேசியச் செயல்திட்டமும் அவ்வாண்டில் வெளியானது. 2008இல் அத்தடை அரசிதழில் அறிவிக்கப்பட்டது. எனினும் பயன்பாடு நிற்கவில்லை. மனிதருக்கென விற்கப்பட்ட 30 மில்லிலிட்டர் குப்பிகள் மாட்டுக் கொட்டகைகளுக்குச் சென்றன. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர் போதும் என்னும்போது, அப்பெரிய குப்பி யாருக்குப் பயன்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும். 2015ஆம் ஆண்டின் தடை இதனால்தான் வந்தது. மருந்து உற்பத்தியாளர்கள் அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தடையை உறுதி செய்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், ஏசிக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டது. மாட்டின் உடலில் ஏசிக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகின்றது.

தமிழகத்தில் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன. அப்பகுதியைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்நடை வளர்ப்போர் இக்குறிப்புகளைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டுகின்றோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மருத்துவர் உங்களுக்கு டைக்ளோஃபெனாக் பரிந்துரைத்திருந்தால், கழுகுகளை எண்ணி அதனை நிறுத்த வேண்டியதில்லை. தடை, கால்நடைப் பயன்பாட்டுக்கும் பெரிய குப்பிகளுக்கும் உரியது. ஆயினும் சிறுநீரகக் கோளாறு, இதய நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இம்மருந்து தீங்கு விளைவிக்கக்கூடும். இவற்றுள் ஏதேனும் உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டில் மிஞ்சிய வலி மாத்திரையையோ ஊசிமருந்தையோ மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுக்கலாகாது. பால் தரும் மாடு வலியால் துடிக்கும்போது கையில் இருப்பதைக் கொடுக்கத் தோன்றுவது இயல்பே. கழுகுகளுக்குத் தீங்கற்றது என ஆய்வில் உறுதியான மெலாக்சிகாம் கிடைக்கின்றது. கால்நடை மருத்துவரிடம் அதனைக் கேளுங்கள்.

சிகிச்சையில் இருந்த கால்நடை இறந்துவிட்டால், சடலத்தை வெட்டவெளியிலோ காட்டோரத்திலோ போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். வயிறு உப்பி, மூக்கு, வாய் வழியே குருதி கசிந்து திடீரென இறந்த கால்நடை அடைப்பான் நோயால் இறந்திருக்கலாம். அதனைத் தொடாமலும் அறுக்காமலும் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவியுங்கள்.

நாய் கடித்தால், சிறு கீறலாயினும், காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதனையும் பூச வேண்டாம். அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்குங்கள். குருதி கசிந்த காயமாயின் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆகவே நாய் வீட்டு நாயா, தெருநாயா என்று பார்த்துக் காத்திராமல், மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள்களில் எல்லாத் தவணைகளையும் போட்டு முடியுங்கள்.