வாச்சாத்தி வழக்கு: 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் ஆனது எப்படி? மேலதிகாரிகள் என்ன ஆனார்கள்? முழு விவரம்

சட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய அரசு ஊழியர்களே ஒரு ஊரைச் சூறையாடினால் அவர்களைத் தண்டிப்பது யார்? தருமபுரி மாவட்டத்தின் ஒரு மலையடிவார கிராமம் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்க 31 ஆண்டுகள் ஆனது. அப்படியும் முழுப் பதில் கிடைத்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வாச்சாத்தி எங்கே இருக்கிறது?

அரூர் பக்கத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் சிறிய ஊர் வாச்சாத்தி. இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலானோர் 'மலையாளி' என்ற பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர்கள். பெயரைப் பார்த்து கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தலைமுறை தலைமுறையாக இந்த மலைப்பகுதியில் வாழும் தமிழ் பேசும் மக்கள் இவர்கள்.

1992 ஜூன் 20 அன்று என்ன நடந்தது?

வீரப்பன் தேடுதல் வேட்டையும் சந்தனக் கட்டைக் கடத்தல் புகார்களும் உச்சத்தில் இருந்த நேரம் அது. கட்டைகளைப் பதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளைச் சேர்ந்தவர்களும் ஊருக்குள் நுழைந்தார்கள். ஆண்கள் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் ஊரின் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டு அடிக்கப்பட்டார்கள்.

அங்கிருந்து ஏரிப் பக்கம் கொண்டு செல்லப்பட்ட 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஆடு, கோழி, தானியம் என எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் மீதே வழக்கு போடப்பட்டது. 90 பெண்கள், 28 குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

உண்மை வெளியே வந்தது எப்படி?

அப்போது ஆட்சியில் இருந்தது ஜெயலலிதா தலைமையிலான அ.தி.மு.க. அரசு. கொடுமை நடந்ததாகச் சொன்னதை அரசுத் தரப்பு ஏற்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும்தான் விஷயத்தைக் கையில் எடுத்தன. அந்தக் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் நீதிமன்றத்துக்குப் போனார். தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் சார்பில் பாமதி என்ற அதிகாரி நேரில் விசாரித்துக் கொடுத்த அறிக்கை, கிராம மக்கள் சொன்னதற்கு வலு சேர்த்தது.

மாநில அரசின் ஊழியர்கள் மீதான புகாரை மாநில காவல்துறையே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா? அந்தக் காவல்துறையினரும் குற்றம்சாட்டப்பட்டவர்கள்தானே? 1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. வழக்கின் திருப்புமுனையே இதுதான்.

யார் யார் மீது குற்றச்சாட்டு?

சி.பி.ஐ. பட்டியலில் மொத்தம் 269 பேர். வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. இவர்களில் 4 பேர் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள்.

விசாரணை வருடக்கணக்கில் இழுத்தது. வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொரு நீதிமன்றத்துக்கு மாறி, கடைசியில் தருமபுரிக்கு வந்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொரு முறையும் கூண்டில் ஏறி, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

தீர்ப்பு என்ன?

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை மாவட்ட நீதிபதி எஸ்.குமரகுரு தீர்ப்பளித்தார். 269 பேருமே குற்றவாளிகள்! அதற்குள் 54 பேர் இறந்துவிட்டதால், மீதி 215 பேருக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. பாலியல் வன்கொடுமைக் குற்றத்தில் 17 பேர் சிக்கினார்கள். அவர்களில் 12 பேருக்கு 10 ஆண்டுகள், 5 பேருக்கு 7 ஆண்டுகள் சிறை. மற்றவர்களுக்கு 1 முதல் 3 ஆண்டுகள் வரை.

மேல்முறையீட்டில் மேலும் 12 ஆண்டுகள் ஓடின. உயர்நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் சென்று இடத்தைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ல், அதாவது முதல் தீர்ப்பு வந்த அதே தேதியில், மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

அப்படியானால் மேலதிகாரிகள்?

இங்கேதான் சிக்கல். மூன்று துறை ஆட்கள் ஒரே நேரத்தில் ஓர் ஊருக்குள் இறங்குவது கீழ்மட்ட ஊழியர்கள் மட்டும் முடிவு செய்து நடக்கிற காரியம் இல்லை. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என 2023 தீர்ப்பு சொன்னது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்ற அப்பாவி மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்றும் நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் இதைச் சொல்வதற்குள் 31 ஆண்டுகள் போய்விட்டன. அமைச்சர் அளவில் யாரும் கூண்டில் ஏறவில்லை.

சட்டம் யாரைப் பாதுகாக்கிறது?

குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோர் மீது பதவிக் காலத்தில் கிரிமினல் வழக்கு நடத்த முடியாது. அரசியல் சாசனத்தின் 361-வது பிரிவு தரும் பாதுகாப்பு இது. பிரதமருக்கோ முதல்வருக்கோ இது கிடையாது.

அரசு ஊழியர்களுக்கு வேறு ஒரு கவசம் உண்டு. பணி தொடர்பான செயலுக்காக அவர்கள் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 197-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 218-வது பிரிவு. அரசு 120 நாட்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும் என்பது புதிய அம்சம். பாலியல் வன்கொடுமை வழக்குக்கு முன் அனுமதியே தேவையில்லை என்று 2013-லேயே திருத்தம் வந்துவிட்டது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கேயும் இதே கேள்விதான். 1972-ல் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். விவகாரத்தை மூடி மறைத்தது அம்பலமானதும் 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். அவருடைய உதவியாளர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் நிக்சனுக்கு, அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு ஒரே மாதத்தில் மன்னிப்பு வழங்கிவிட்டார்.

2024 ஜூலை 1 அன்று டிரம்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசியல் சாசனம் அதிபருக்குத் தந்துள்ள அடிப்படை அதிகாரங்களின் கீழ் செய்த செயல்களுக்கு முழு விலக்கு, மற்ற அதிகாரபூர்வ செயல்களுக்கும் குறைந்தபட்சம் விலக்கு உண்டு என்ற அனுமானத்தின் அடிப்படையிலான பாதுகாப்பு உண்டு, சொந்தச் செயல்களுக்கு மட்டும் கிடையாது என 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

வாச்சாத்தி சொல்வது என்ன?

சீருடை போட்டவர்களையும் தண்டிக்க முடியும் என்பதை வாச்சாத்தி நிரூபித்தது. குற்றம்சாட்டப்பட்ட அத்தனை பேரும் குற்றவாளிகள் என நிரூபிக்கப்பட்டது சாதாரண விஷயம் இல்லை. எழுத்தறிவு குறைந்த ஓர் ஊரின் பெண்கள் பின்வாங்காமல் சாட்சி சொன்னதும், விசாரணை மாநில காவல்துறையின் கையை விட்டுப் போனதும்தான் இதற்குக் காரணம்.

ஆனால் வாஷிங்டனோ அரூரோ, ஏவியவரை விட்டுவிட்டு அம்பை மட்டும் பிடிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. 54 குற்றவாளிகள் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். பாதிக்கப்பட்ட 18 பெண்களிலும் சிலர் உயர்நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.