குதிகாலும் டேனிஷ்காரர்களும்

அறுபதாம் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் திருக்கடையூர் வரும். உள்ளூர்க்காரனான எனக்கும் அபிராமி சந்நிதியில்தான் நடந்தது. அடுத்த மாதமே தினமும் ஓடுவது என்று தீர்மானித்தேன். மூன்று வாரத்தில் மூச்சிரைப்பு குறைந்தது. உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டினேன். ஆறாவது வாரம் ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்ற முடியவில்லை. குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் சுருக்கென்று வலி.

"நரம்பு பிடிச்சிருக்கும்" என்றாள் மனைவி. அது நரம்பு அல்ல, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டும் தசைநாண் என்றார் டாக்டர்.

விவரம் தேடிப் படித்தபோது, பதில் டென்மார்க்கிலிருந்து வந்தது. பக்கத்திலுள்ள தரங்கம்பாடியில் 1620-ல் வந்து கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்களே, அவர்கள் நாடுதான்.

1999-ல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சில ஓட்டக்காரர்களை 36 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் போகிற தூரம். பிறகு குதிநாண் அருகே மெல்லிய குழாய் செருகி, அங்குள்ள நீரைச் சோதித்தார்கள். நாணைக் கட்டும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தி, ஓடி முடித்ததும் குறைந்திருந்தது. 72 மணி நேரம் கழித்துத்தான் நன்றாகக் கூடியது. வீடு இடிந்த அன்றே கொத்தனார் வருவதில்லை. மூன்றாம் நாள்தான் வருகிறார். நானோ தினமும் இடித்துக்கொண்டிருந்தேன்!

2013-ல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. பயிர் வழியாக அது எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. இறந்தவர்களின் குதிநாணில் அதை அளந்து பார்த்ததில், நாணின் நடுப்பகுதி 17 வயதோடு ஏறக்குறைய கட்டி முடிந்துவிடுகிறது, பிறகு மிகச் சிறிதளவே புதுப்பிக்கப்படுகிறது என்று தெரிந்தது. சதை அப்படியல்ல, புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அதாவது, என் காலில் இருப்பது எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய பையனின் நாண்!

பல ஆண்டுகள் ஓடியவர்களின் குதிநாண் மற்றவர்களுடையதைவிடத் தடித்திருக்கும் என்பதும் அளந்து கண்டதே. ஆனால் அது ஆறு வாரத்தில் நடக்கிற காரியம் அல்ல.

இப்போது ஒரு நாள் மெதுவாக ஓட்டம், இரண்டு நாள் நடை. அறுபதில் ஓடத் தொடங்கும் நண்பர்களே, மூச்சு சரியாகிவிட்டதே என்று தூரத்தைக் கூட்டாதீர்கள். காலையில் குதிகால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். எமனையே காலால் உதைத்த சாமியின் ஊர் இது. எண்பதாம் கல்யாணத்துக்கும் இதே காலோடு நடந்து போகத்தான் ஆசை.