பயிற்சி நாள் சம்பளம்: கொழும்பும் ஜேர்மனியும்

இந்த நாட்டின் சில பெரிய துயரங்கள் நடந்த திகதிகளைக் கலண்டரில் தேடினால், பெரும்பாலும் சிவப்பு எழுத்திலேயே இருக்கும். 2004 டிசம்பர் 26, கடற்கோள்: ஞாயிறும் போயாவும் சேர்ந்த நாள். 2017 ஏப்ரல் 14, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தது: புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒன்றாய் வந்த நாள். 2019 ஏப்ரல் 21, கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பு: உயிர்த்த ஞாயிறு காலை. அந்த நாட்களில் உதவிக்கு ஓடியவர்களில் அநேகருக்கு முதலாளியிடம் கேட்கும் தேவையே இருந்திராது. தொண்டர்களுக்கு லீவு என்ற பேச்சு இங்கே சூடுபிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆபத்து ஞாயிறில் வந்தாலும் அதற்கான பயிற்சியை வேறு நாட்களில்தான் எடுக்கவேண்டும். கட்டுப்போடுவதையும் நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்பதையும் ஒரு தரம் கற்றால் போதாது, கை மறந்துவிடும். சனி, ஞாயிறு வகுப்புகள் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கந்தோர்க்காரருக்கும் தோதானவை. வெள்ளவத்தை காலி வீதிப் புடைவைக்கடையில் நிற்கும் பொடியனுக்கு அந்த இரண்டு நாளும்தான் வியாபாரம் உச்சத்தில் இருக்கும். சேலைப் பகுதியில் ஓர் ஆள் குறைந்தால், விரித்த சேலைகளை மடித்து அடுக்கவே மற்றவருக்கு நேரம் போதாது.

அவனுக்குச் சட்டம் என்ன தருகிறது? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் தருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அமய லீவு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான். சொந்த அலுவல், சுகவீனம், நியாயமான வேறு காரணம் எல்லாமே அந்த ஏழுக்குள் அடங்கவேண்டும். முதலுதவிப் பயிற்சியும் அதற்குள்ளேதான்: காய்ச்சலோடும் செத்தவீட்டோடும் போட்டிபோட்டு ஒரு நாளைப் பிடிக்கவேண்டும். மிஞ்சினால் நோ பே. தொண்டுக்கு அதிகம் முன்வருபவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர். லீவு மிகக் குறைவாக இருப்பதும் அவருக்கே.

ஜேர்மனியில் இந்தக் கேள்விக்கு வேறு விடை. 1950இல் தொடங்கிய ‘தெக்னிஷஸ் ஹில்ப்ஸ்வெர்க்’, சுருக்கமாக டேஹாவே, ஒரு கூட்டாட்சி அரச நிறுவனம். ஆனால் அதன் வேலையைச் செய்பவர்கள் 80,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள். கடற்கோளுக்குப் பின் குடிநீர் சுத்திகரிக்க இலங்கைக்கு வந்த வெளிநாட்டு அணிகளில் அவர்களும் உண்டு. அந்த அமைப்புக்கென உள்ள சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தொண்டர் பணியால் ஊழியருக்கு வேலையில் எந்தப் பாதகமும் வரக்கூடாது. வேலை நேரத்தில் அழைப்பு வந்தாலும், பயிற்சி இருந்தாலும், முழுச் சம்பளத்தோடு விடுவிக்கவேண்டும். ஹோயாவிலோ நொய்ஹவுசனிலோ உள்ள பயிற்சி நிலையத்துக்கு ஒரு வாரம் போவதென்றாலும் இதே விதிதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த வரி. ஊழியர் இல்லாத நேரம் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்தை, அல்லது இரண்டு வாரத்தில் ஏழு மணித்தியாலத்தைத் தாண்டினால், தனியார் முதலாளி கொடுத்த சம்பளத்தையும் கட்டிய சமூகக் காப்புறுதிப் பங்கையும் அரசு திருப்பித் தருகிறது. முதலாளி விண்ணப்பித்தால் போதும்.

அவுஸ்திரேலியா பாதித் தூரம் வந்து நின்ற நாடு. அதன் 2009ஆம் ஆண்டு வேலைச் சட்டம், காட்டுத்தீக்கோ வெள்ளத்துக்கோ போகும் தொண்டரின் வேலையைக் காக்கிறது, சம்பளத்தைக் காப்பதில்லை. பயிற்சியை அது கணக்கிலேயே எடுக்கவில்லை.

கொழும்பில் உரிமையை மட்டும் எழுதிவிட்டு, செலவை முதலாளி தலையில் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரசவ லீவே சாட்சி. 84 நாள் சம்பளத்தை முதலாளியே சுமப்பதால், கல்யாணமான பெண் வேலை கேட்டு வந்தால் சில இடங்களில் முகம் மாறுகிறது. அதே முகம் நாளைக்கு “செஞ்சிலுவையில் இருக்கிறேன்” என்று சொல்லும் பொடியனுக்கும் மாறும். ஆறு பேர் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடைக்காரரைக் கல்நெஞ்சன் என்று திட்டிப் பயனில்லை. அவருடைய கணக்கு அவ்வளவுதான். ஆகவே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு முதலில் வரவேண்டும், லீவு உரிமை அதற்குப் பின்னால் வரலாம் என்பது என் கட்சி.

ஜேர்மன் விதியை அப்படியே தூக்கி வரவும் முடியாது. அங்கே யார் தொண்டர் என்று சொல்ல ஓர் அரச நிறுவனமும் அதன் பதிவேடும் உண்டு. இங்கே செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்பியுலன்ஸ், கோயில் தொண்டர் சபை, பள்ளிவாசல், ஊர்க் கழகம் என்று ஆளுக்கொரு கடிதத் தலைப்பு. கடிதத்தைக் கண்டதும் முதலாளி சந்தேகப்பட்டால் அதில் நியாயமுண்டு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையம் பயிற்சிகளையும் தொண்டர்களையும் பதிவுசெய்து அத்தாட்சி கொடுக்கலாம். அந்த அத்தாட்சியைக் காட்டினால் தொழில் திணைக்களம் வருடத்துக்கு மூன்று நாள் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பலாம். பணம் மூன்று மாதத்துக்குள் கைக்கு வராவிட்டால், அடுத்த முறை எந்த முதலாளியும் அந்தப் படிவத்தை நிரப்பமாட்டார்.