கால் மணி நேரம்

1935-ஆம் ஆண்டு, மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பில் வில்சன் தனியே நின்றார். வந்த காரியம் தோல்வி. குடியை விட்டு ஐந்தே மாதம். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்தார், இன்னொரு குடிகாரரைத் தேடி!

மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று வந்தவர் பல மணி நேரம் இருந்துவிட்டார். வில்சன் உபதேசிக்கவில்லை, தம் கதையைச் சொன்னார். ஜூன் 10-இல் டாக்டரின் குடி நின்றது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம் அந்த நாளையே தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

கடவுளை அவரவர் அறிந்தவாறு நம்பலாம் என்றது அச்சங்கம். ஆனால், அன்று மூழ்க இருந்த வில்சனைக் கரைசேர்த்தது எது? இன்னொருவரைக் காப்பாற்ற அவர் நீட்டிய கையேதான்!